எம்.எஸ்சி பாட்டனி: வேலை இல்லையா... இல்லை, வேலைக்குப் பெயர்தான் வேறயா?

'எம்.எஸ்சி பாட்டனி சேர்ந்திருக்கேன்' என்று சொன்ன அடுத்த நொடியே வரும் கேள்வி உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். ``அதைப் படிச்சு என்ன பண்ணப்போறே... டீச்சர் ஆகப்போறியா?'' கேட்பவர் மாமாவாக இருக்கலாம், பக்கத்து வீட்டு ஆன்ட்டியாக இருக்கலாம், சில நேரம் உங்கள் மனசாட்சியாகவே இருக்கலாம்.

கடுப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. நம் ஊரில் பாட்டனி வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பலர் அதைத் தேடி வந்தவர்கள் இல்லை. நீட் கிடைக்கவில்லை, அக்ரி கட் ஆஃப் எட்டவில்லை, பயோடெக் ஃபீஸ் அதிகம், வீட்டுக்குப் பக்கத்துக் காலேஜில் பாட்டனி சீட் இருந்தது. இப்படி உள்ளே வந்து, மூன்று வருடம் முடித்து, 'பி.ஜி-யும் முடிச்சுடலாம்' என்று எம்.எஸ்சி சேர்ந்தவர்கள் நிறைய. அதில் தப்பே இல்லை. நான்காவது செமஸ்டர் வரை அடுத்து என்ன என்று யோசிக்காமலேயே இருப்பதுதான் சிக்கல். 22 வயதில் தொடங்கி 26 வரைக்கும் போகும் அந்த நான்கு வருடங்களுக்கு யாரும் ரீஃபண்டு தர மாட்டார்கள்.

சரி, இன்றைய நிலவரம் என்ன, எங்கே வாய்ப்பு இருக்கிறது, எங்கே இல்லை... பார்க்கலாம் வாங்க.

ஆசிரியர் வேலை: கதவு திறக்கும், ஆனா எப்போன்னு தெரியாது

பெரும்பாலானவர்களின் முதல் கனவு அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணி. கடந்த இரண்டு வருடங்களில் அதில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2024 மார்ச்சில், அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு 4,000 உதவிப் பேராசிரியர் இடங்கள் என்று ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவித்தது. தேர்வு தள்ளிப்போனது. பிறகு 2025 அக்டோபரில் 2,708 இடங்களுக்குப் புதிய அறிவிப்பு வந்தது. இடையில் ஒன்றரை வருடத்துக்கும் மேல் ஓடிவிட்டது. இந்த எண்ணிக்கை எல்லாப் பாடங்களையும் சேர்த்து. அதில் தாவரவியலுக்கு ஒரு பங்குதான்.

பள்ளி முதுநிலை ஆசிரியர் பணியும் கிட்டத்தட்ட இதே கதைதான். 2025 ஜூலையில் வந்த அறிவிப்பில் எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து 1,996 இடங்கள். இதற்கு எம்.எஸ்சி மட்டும் போதாது, பி.எட் வேண்டும். தேர்வில் 150 கேள்விகள். அதில் 110 உங்கள் பாடத்திலிருந்து, 30 கல்வியியல், 10 பொது அறிவு. தமிழ்த் தகுதித் தாளில் தேறினால்தான் மற்ற தாளையே திருத்துவார்கள். இங்கிலீஷ் மீடியத்தில் படித்து, தமிழை ப்ளஸ் டூ-வோடு மறந்தவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் கவனம்.

நிரந்தர வேலை வரும் வரை என்ன செய்கிறார்கள்? கௌரவ விரிவுரையாளர் பணி. தமிழக அரசுக் கல்லூரிகளில் இப்படி ஆயிரக்கணக்கானோர் வேலை பார்க்கிறார்கள். 2023-ல் உயர்த்தப்பட்டபடி மாதம் 25,000 ரூபாய், வருடத்துக்கு 11 மாதங்கள். யு.ஜி.சி 2019-லேயே ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய் வீதம், மாதம் அதிகபட்சம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று சொல்லியிருந்தது. இரண்டு தொகைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் அவர்கள் வருடக்கணக்கில் நடத்திவரும் போராட்டம்.

ஆக, ஆசிரியர் பணி நல்ல இலக்குதான். அதை மட்டுமே இலக்காக வைத்துக்கொண்டால், உங்கள் வாழ்க்கையின் காலண்டரை அறிவிப்புத் தேதிகள் எழுத ஆரம்பித்துவிடும். கையில் இன்னொரு பாதை இருந்தால், அறிவிப்பு வரும்போது எழுதுவீர்கள். வராதபோது சம்பாதித்துக்கொண்டிருப்பீர்கள்.

நெட்: 'எல்லாத்தையும் படிக்கணும்'ங்கிற பயம் வேண்டாம்

2023 ஜூலையில் யு.ஜி.சி ஒரு திருத்தம் கொண்டுவந்தது. உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட், செட் அல்லது ஸ்லெட் குறைந்தபட்சத் தகுதி, பிஎச்.டி கட்டாயம் இல்லை. எனவே எம்.எஸ்சி மாணவருக்கு முதல் படி நெட்தான்.

பாட்டனிக்குத் தனி நெட் கிடையாது. சி.எஸ்.ஐ.ஆர் - யு.ஜி.சி நெட் தேர்வில் 'லைஃப் சயின்சஸ்' என்ற ஒரே தாளில் பாட்டனி, ஜுவாலஜி, மைக்ரோபயாலஜி, பயோடெக் என எல்லோரும் மோதவேண்டும். சிலபஸில் 13 யூனிட்கள். அதைப் பார்த்ததும் பலர், 'இது பயோடெக் பசங்களுக்கான எக்ஸாம்பா' என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தம் 200 மதிப்பெண். பகுதி 'ஏ'-வில் 20 பொதுத்திறன் கேள்விகள், 15-க்கு விடையளித்தால் போதும். பகுதி 'பி'-யில் 50-க்கு 35. பகுதி 'சி'-யில் 75 கேள்விகளில் 25 மட்டும், ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண். அதாவது பாதி மதிப்பெண்ணைத் தரும் பகுதியில் மூன்றில் இரண்டு பங்கு கேள்விகளை நீங்கள் தொடவே வேண்டாம். தாவர உடலியல், உயிரினப் பன்மை, சூழலியல், மரபியல், பரிணாமம், ஆய்வு முறைகள்... இவையெல்லாம் உங்கள் ஏரியா. இவற்றை ஆழமாகவும், செல் பயாலஜி, மாலிக்குலர் பயாலஜியை அடிப்படை அளவிலும் படித்தால், விலங்கு உடலியலில் தலைகீழாக நிற்க வேண்டிய அவசியம் இல்லை. தப்பான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் 25 சதவிகிதம் போய்விடும். தெரியாததை விட்டுவிடுவதும் இங்கே ஒரு திறமைதான்.

இறுதியாண்டு படிக்கும்போதே எழுதலாம். ஜே.ஆர்.எஃப் கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய் உதவித்தொகை, விதிப்படி வீட்டு வாடகைப்படியும் உண்டு. வீட்டில் காசு கேட்காமல் பிஎச்.டி முடிக்க இதைவிட நேர் வழி இல்லை. தேர்வு நடத்தும் விதம் பற்றிய கவலை மட்டும் உண்மையானது. 2024 ஜூனில் யு.ஜி.சி நெட் நடந்து முடிந்த மறுநாளே ரத்தானது. அடுத்த சில நாள்களில் சி.எஸ்.ஐ.ஆர் நெட் ஒத்திவைக்கப்பட்டு, ஜூலை கடைசியில்தான் நடந்தது. அதனால் ஒரே தேர்வை நம்பாமல், கேட், தமிழ்நாடு செட் இரண்டையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கேட் தேர்வின் லைஃப் சயின்சஸ் தாளில் பாட்டனியைத் தனிப் பிரிவாகவே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் வேதியியல் கட்டாயம், 25 மதிப்பெண். நம்மவர்கள் சறுக்கும் இடம் அதுதான். இளநிலையில் துணைப்பாடமாகப் படித்த கெமிஸ்ட்ரி நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கேட் மதிப்பெண் மூன்று வருடங்களுக்குச் செல்லும். செட் சான்றிதழ் தமிழ்நாட்டுக்குள் மட்டுமே செல்லும்.

'பாட்டனிஸ்ட் தேவை'ன்னு போர்டு தொங்காது

நௌக்ரி, லிங்க்ட்இன் ஆப்பில் 'பாட்டனி' என்று தேடிவிட்டு, 'ஒண்ணுமே இல்லையே' என்று மூடிவிடுகிறோம். தேடும் சொல்லை மாற்ற வேண்டும். தாவரம் தெரிந்தவருக்கான வேலைகள் வேறு பெயர்களில் இருக்கின்றன.

*சூழலியல் வல்லுநர்:* 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, சுரங்கம், அனல் மின் நிலையம், நெடுஞ்சாலை போன்ற பெரிய திட்டங்களுக்கு முன்கூட்டியே அனுமதி வேண்டும். அதற்கான அறிக்கையைத் தயாரிக்கும் ஆலோசனை நிறுவனங்களில் 'சூழலியலும் பல்லுயிரும்' என்ற பிரிவுக்குத் தகுதிபெற்ற ஒருவர் இருக்கவேண்டும். களத்தில் நடந்து, என்னென்ன செடி, மரம் இருக்கிறது என்று பட்டியல் போடுவது அவர் வேலை.

இந்தப் பட்டியல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு மதுரை அரிட்டாபட்டியே உதாரணம். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. 2024-ல் டங்ஸ்டன் சுரங்க ஏலப் பரப்புக்குள் அந்த இடமும் வந்தபோது மக்கள் வீதிக்கு வந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்துசெய்தது. ரத்துக்குக் காரணம் மக்கள் போராட்டம்தான். ஆனால், 'இங்கே என்ன இருக்கிறது' என்று முன்பே எழுதிவைத்த ஆவணமும் அவர்கள் கையில் ஒரு வலுவான வாதமாக இருந்தது. ஒவ்வோர் உள்ளாட்சியிலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்கவேண்டும் என்கிறது 2002-ம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டமும் அதன் விதிகளும். அதை ஒழுங்காக எழுத, செடியைப் பார்த்ததும் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் வேண்டும். டாக்ஸானமி போரடிக்கிறது என்று தூங்கிய வகுப்பின் மதிப்பு இப்போது புரிகிறதா?

*வனத்துறை:* இந்திய வனப்பணித் தேர்வுக்குத் தாவரவியல் பட்டம் ஒரு தகுதி. மெயின் தேர்வில் பாட்டனியை விருப்பப் பாடமாகவும் எடுக்கலாம். வயது வரம்பு பொதுப்பிரிவுக்கு 21 முதல் 32. முதல்நிலைத் தேர்வு சிவில் சர்வீஸோடு சேர்த்துத்தான். அதற்குத் தயாராகும் 1,000 பேருக்கு 'நான் முதல்வன்' திட்டத்தில் மாதம் 7,500 ரூபாய் வீதம் 10 மாதங்களுக்கு உதவித்தொகை தருகிறார்கள். உடல்தகுதியும் உண்டு. நான்கு மணி நேரத்தில் ஆண்கள் 25 கிலோமீட்டர், பெண்கள் 14 கிலோமீட்டர் நடக்கவேண்டும். மாநில அளவில் டி.என்.பி.எஸ்.சி குரூப் 1ஏ மூலம் உதவி வனப் பாதுகாவலர் ஆகலாம். முதுமலையில் மஞ்சக்கொன்னை, உண்ணிச்செடி போன்ற அந்நியத் தாவரங்களை அகற்றி, காட்டை மீட்கும் வேலை நடந்துவருகிறது. அந்நியத் தாவரங்களுக்காகவே தமிழக அரசு 2022-ல் தனிக் கொள்கை வெளியிட்டது. எதை வெட்டுவது, பதிலுக்கு எதை நடுவது என்பது முழுக்க முழுக்க உங்கள் பாடம்தான்.

*திசு வளர்ப்பு, நாற்றுத் தொழில்:* தேனி வாழைத்தோட்டங்களுக்குப் போகும் ஜி9 கன்றுகள் ஆய்வகத்தில் பிறந்தவை. அங்கே ஊடகம் தயாரிப்பது முதல் தொற்று வராமல் பார்ப்பது வரை பாட்டனி ஆட்களுக்கு இடம் உண்டு. உண்மையையும் சொல்லிவிடுவோம். தொடக்கச் சம்பளம் குறைவு, நின்றுகொண்டே செய்யும் வேலை. இரண்டு மூன்று வருட அனுபவத்துக்குப் பிறகுதான் நிலைமை மாறும். சொந்தமாக நர்சரி வைக்கும் எண்ணம் இருந்தால், அந்த அனுபவமே முதலீடு.

*கடற்பாசி:* பாசியியலை 'எக்ஸாமுக்கு முந்தின நாள் பாடம்' என்று நினைக்காதீர்கள். மண்டபத்தில் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில் 127 கோடி ரூபாய் மதிப்பில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா திட்டமிடப்பட்டுள்ளது. இந்தியாவில் பாசியியலுக்கு அடித்தளம் போட்ட எம்.ஓ.பி.அய்யங்கார் சென்னைப் பல்கலைக்கழகத்துக்காரர் என்பதும் நமக்குப் பெருமைதானே!

*சித்த மருந்து:* சென்னையில் மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் இருக்கிறது. மேட்டூரில் அதன் மூலிகைத் தோட்டம். மூலிகை மருந்து நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டில் முதல் கேள்வியே, 'வந்திருக்கும் வேர் சொன்ன செடியோட வேர்தானா, கலப்படமா?' என்பதுதான். மைக்ரோஸ்கோப்பில் செல் அமைப்பைப் பார்த்து அதற்குப் பதில் சொல்பவர் நீங்களாக இருக்கலாம்.

எங்கே வாய்ப்பு இல்லை என்பதும் தெரிய வேண்டும். வேளாண் அலுவலர் பணிக்கு பி.எஸ்சி அக்ரி கேட்பார்கள். 'ரெண்டும் செடிதானே' என்று விண்ணப்பித்து ஃபீஸை வீணாக்காதீர்கள்.

நான்கு செமஸ்டரை எப்படிப் பிரிக்கலாம்?

*முதல் செமஸ்டர்:* உங்கள் கேம்பஸிலும் ஊரிலும் உள்ள 100 தாவரங்களைத் தமிழ்ப் பெயர், அறிவியல் பெயர், குடும்பத்தோடு அடையாளம் காணப் பழகுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் ஆப், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் இரண்டும் இலவசம். ஆப் சொல்வதை அப்படியே நம்பாமல், மெட்ராஸ் மாகாணத் தாவரங்களைப் பற்றி கேம்பிள் எழுதிய நூலிலோ, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் கே.எம்.மேத்யூ எழுதிய நூல்களிலோ சரிபாருங்கள். ஒரு முறையாவது நல்ல ஹெர்பேரியத்துக்குப் போய்வாருங்கள். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம், திருச்சியில் ராபினட் ஹெர்பேரியம், புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனம் என நம் பக்கத்திலேயே மூன்று இருக்கின்றன.

*இரண்டாவது செமஸ்டர்:* கோடை விடுமுறையை இன்டர்ன்ஷிப்புக்கு ஒதுக்குங்கள். பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாடமி, மற்ற இரு அகாடமிகளோடு சேர்ந்து இரண்டு மாத கோடைகால ஆய்வு உதவித்தொகை தருகிறது. விண்ணப்பம் முந்தைய ஆண்டின் இறுதியிலேயே கேட்பார்கள். ஏப்ரலில் விழித்துக்கொண்டால் லேட்.

*மூன்றாவது செமஸ்டர்:* நெட் முதல் முயற்சி. கூடவே ஒரே ஒரு கூடுதல் திறன். களப்பணி பிடிக்கும் என்றால் க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருள், ஆய்வகம் பிடிக்கும் என்றால் பி.சி.ஆர், எண்கள் பிடிக்கும் என்றால் 'ஆர்' மொழி. மூன்றையும் அரைகுறையாகக் கற்பதைவிட ஒன்றை உருப்படியாகக் கற்றால் பயோடேட்டாவில் நிற்கும்.

*நான்காவது செமஸ்டர்:* புராஜெக்ட். இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஏதோ ஓர் இலையின் சாற்றை எடுத்து, பாக்டீரியாவைக் கொல்கிறதா என்று பார்க்கும் அதே புராஜெக்ட்டை சீனியர் செய்தார், அவருடைய சீனியரும் செய்தார். அதற்குப் பதில் உங்கள் ஊர் ஏரியின் நீர்த்தாவரங்கள், கோயில் காட்டின் மரங்கள் என்று வேறு யாரும் பட்டியல் போடாத ஒன்றை எடுங்கள். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் புராஜெக்ட்டுகளுக்கு நிதி தருகிறது. வழிகாட்டியிடம் கேட்டு விண்ணப்பியுங்கள்.

பணம் கட்டும் முன் ஒரு நிமிஷம்

'ஒரு வாரத்தில் சர்வதேச ஜர்னலில் உங்கள் கட்டுரை' என்று வாட்ஸ்அப்பில் மெசேஜ் வரும். தரமான ஆய்விதழ்களுக்கான 'கேர்' பட்டியலை 2025 பிப்ரவரியில் யு.ஜி.சி கைவிட்டுவிட்டது. எது நல்ல இதழ் என்று முடிவெடுக்கும் பொறுப்பு இப்போது கல்லூரிகள், ஆய்வாளர்கள் தலையில். இந்தக் குழப்பத்தில் போலி இதழ்களுக்குக் கொண்டாட்டம். நல்ல இதழ் ஒரு வாரத்தில் ஏற்காது, திருத்தம் கேட்கும், சில நேரம் நிராகரிக்கும். உடனே ஓகே சொன்னால் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று, பட்டத்தின் பெயர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள் சிலவற்றில் 'தாவர உயிரியல் மற்றும் தாவர உயிர்த்தொழில்நுட்பம்' என்ற பெயரில் பட்டம் தருகிறார்கள். இப்படிப் பெயர் மாறிய பட்டம் எதுவானாலும், அது 'பாட்டனிக்கு இணை' என்ற அரசாணை இருக்கிறதா என்று சேரும்போதே கேளுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பு மேஜையில் போய் இதைத் தெரிந்துகொள்வது கொடுமை.

வீட்ல எப்படிப் பேசுறது?

பாட்டனி எம்.எஸ்சி-யில் பெண்கள் நிறைய. அவர்களில் பலருக்கு இந்த இரண்டு வருடம் என்பது கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடும் கால அவகாசமும்கூட. ``படிச்சு முடிச்சுட்டா, அடுத்து மாப்பிள்ளை பார்க்கலாம்'' என்று வீட்டில் நினைக்கும்போது, ``எனக்கு பிஎச்.டி பண்ணணும்மா'' என்று மொட்டையாகச் சொன்னால் எடுபடாது. ``மாசம் 37,000 வரும், அஞ்சு வருஷத்துக்கு, அப்பாகிட்ட ஒரு ரூபா கேட்க மாட்டேன்'' என்று சொல்லிப்பாருங்கள், பேச்சின் திசையே மாறும். ஜே.ஆர்.எஃப்-க்குப் பொது வயது வரம்பு 30. பெண்களுக்கு ஐந்து வருடத் தளர்வு உண்டு. இடையில் கல்யாணமோ குழந்தையோ வந்து படிப்பு நின்றிருந்தாலும், கதவு இன்னும் மூடவில்லை.

இதில் நமக்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. தலச்சேரியில் 1897-ல் பிறந்த ஜானகி அம்மாள், சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியாற்றினார். 1945-ல் டார்லிங்டனோடு சேர்ந்து அவர் வெளியிட்ட பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை உலகமே திரும்பிப் பார்த்தது. பாட்டனி படித்த ஒரு பெண், கல்யாணம் செய்யாமலேயே வாழ்ந்து, நூறு வருடங்களுக்கு முன்பு கடல் தாண்டிப் போனார். அவருக்கு ஜே.ஆர்.எஃப்-பும் இல்லை, கூகுளும் இல்லை.

எல்லோரும் ஜானகி அம்மாள் ஆகவேண்டும் என்றில்லை. பள்ளி ஆசிரியராவதும், வன அலுவலராவதும், ஊரில் நர்சரி வைப்பதும் ஒன்றுக்கொன்று குறைந்ததில்லை. எந்தப் பாதை என்பதை எம்.எஸ்சி முதல் வருடத்திலேயே பென்சிலால் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வேண்டுமானால் அப்புறம் அழித்து எழுதலாம். இந்த வாரத்துக்கு மூன்றே வேலைகள். சி.எஸ்.ஐ.ஆர் நெட் லைஃப் சயின்சஸ் சிலபஸைப் பதிவிறக்கி, உங்களுக்குத் தெரிந்த யூனிட்களை டிக் அடியுங்கள். உங்கள் பட்டத்துக்கான இணைத்தகுதியைத் துறைத்தலைவரிடம் கேளுங்கள். சாயங்காலம் வெளியே போய், வீட்டு வாசலில் தினமும் மிதித்துக்கொண்டு போகும் அந்தச் சின்னச் செடிக்கு என்ன பெயர் என்று கண்டுபிடியுங்கள்.